தப்பியோரும் ஓடியோரும்

நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் கடல் ஒரு வழி. வள்ளமேறிப் போய்வரும் வீதி. ஆட்சி செய்தோர்க்கோ அதே கடல் செலவின்றிக் கிடைத்த மதிலாகத் தோன்றியது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீர்நடுவில் நிற்கும் கடற்கோட்டை, காவலரண் என்ற தொழில் ஓய்ந்தபின் சிறைக்கூடமாகவும் பயன்பட்டமைக்குக் காரணம் இதுவே. கோட்டையைச் சிறையாக்கியவாறே ஒரு தீவு முழுவதையும் சிறையாக்கலாம் என்னும் எண்ணமும் பிரித்தானியருக்கு இருந்தது. 1899இல் தொடங்கி 1902இல் முடிந்த தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர்களை அவர்கள் சென்ற் எலீனாவுக்கும் பெர்மியூடாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பியது இக்கருத்துப் பற்றியே.

1900ஆம் ஆண்டு ஆகத்து மாதம் முதல் தியத்தலாவை முகாமுக்குப் போயர்கள் வந்துசேர்ந்தனர். காலப்போக்கில் இலங்கையில் வைக்கப்பட்டோர் தொகை ஏறக்குறைய 5,000 ஆயிற்று. பரந்த புல்வெளியிற் குதிரையேறித் திரிந்த அவர்களுக்குக் கடல் பழக்கமானதன்று. எனினும் 1901 சனவரியில், கொழும்புத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்ற ‘கற்றலோனியா’ என்னும் கைதிக்கப்பலிலிருந்து ஐவர் இரவில் நீரில் இறங்கினர். வில்லி ஸ்டெயின், பீற் போத்தா, ஸ்டைற்லர் என்னும் பெயருடைய இருவர், ஹவுஸ்னர் என்னும் ஜேர்மானியர் ஆகியோரே அவ்வைவர். சீனத்திலிருந்து படைவீரரை ஏற்றித் திரும்பும் வழியில் அங்கு நின்ற ‘கேர்சன்’ என்னும் இரசியக் கப்பலுக்கு அவர்கள் நீந்திச் சென்றனர். இரசியர் அவர்களை மறைத்துக் கொண்டுபோயினர். ஐவரும் இரசியாவையும் ஜேர்மனியையும் ஒல்லாந்தையும் கடந்து, ஜேர்மானியர் ஆண்ட தென்மேற்கு ஆபிரிக்காவின் வழியாகத் தம் போர்க்களத்துக்கே மீண்டனர். தென்னாபிரிக்காவில் ‘ஐந்து நீச்சற்காரர்’ என்ற பெயரால் அவர்கள் புகழ் பெற்றனர், நூல்களும் எழுந்தன.

இக்கதையிற் கருத வேண்டியது ஒன்றுண்டு. கப்பல்களின் பெயர் தெரியும். நீந்தியவர்களின் பெயர் தெரியும். சென்ற வழியும் சேர்ந்த இடமும் தெரியும். போர்க்கைதி தப்பிய கதை உலகில் நிலைபெறுவதற்கு இவை யாவும் வேண்டியிருக்கின்றன. தப்புதல் ஒரு செயல். அது தப்புதல் என்று எழுதப்படுதல் மற்றொரு செயல். முன்னதைச் செய்த அனைவர்க்கும் பின்னது வாய்ப்பதில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின் எழுந்த நூல்களும் திரைப்படங்களும் இதனை நன்கு காட்டும். ஆங்கிலத்தில் ‘மரக்குதிரை’ என்னும் பொருள்படும் நூல் 1949இலும் அதன் படம் 1950இலும் வந்தன. கோல்டிற்சுக் கோட்டையின் கதை 1952இல் நூலாகி 1955இற் படமாயிற்று. இவற்றுட் பெரும்புகழ் பெற்றது சாகன் முகாமின் கதை. 1944 மார்ச்சு 24ஆந் திகதி இரவு அம்முகாமினின்று சுரங்கவழியாக 76 விமானப்படையினர் வெளியேறினர். 73 பேர் மீண்டும் பிடிபட்டனர். அவருள் 50 பேரை ஜேர்மானியர் சுட்டுக் கொன்றனர். முற்றாகத் தப்பியோர் மூவரே. போல் பிரிக்கில் என்பார் எழுதிய நூல் 1950இல் வந்தது. 1963இல் அது ‘பெருந் தப்புதல்’ எனும் பொருள்படும் பெயரோடு அமெரிக்கப் படமாயிற்று. அப்படத்தில் அமெரிக்கர் முன்னணியில் நிற்கின்றனர். உண்மையில் அவர்கள் தப்பும் நாளுக்குப் பன்மாதங்களுக்கு முன்னரே வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தனர். முள்வேலியைத் தாண்டும் மோட்டார்ச் சைக்கிள் படமெடுத்தோரின் கற்பனை. எனினும் ஐம்பதின்மரின் கொலையைப் படம் மறைக்கவில்லை என்பதை அதன் சார்பிற் சொல்லல் வேண்டும்.

இக்கதைகள் எழக் காரணமான ஒரு சட்டநிலையும் உண்டு. 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, தப்ப முயன்று பிடிபட்ட கைதிக்கு ஒழுக்காற்றுத் தண்டனை மட்டுமே விதிக்கலாம் என்றது. 30 நாட் காவலே அதன் உச்சம். ஆகவே ஐரோப்பிய முகாம்களிலிருந்த அதிகாரிகளிடையே தப்புதல் ஒருவகைக் கடமையாகவும், ஓரளவு விளையாட்டாகவுங்கூட, மதிக்கப்பட்டது. யப்பான் அவ்வுடன்படிக்கையிற் கையொப்பமிட்டதாயினும் அதனை உறுதிசெய்யவில்லை. கீழ்த்திசையிற் கைதியானவனுக்கு முள்வேலிக்கு அப்பால் 30 நாட் காவல் காத்திருக்கவில்லை, மரணமே காத்திருந்தது.

இவ்வேற்றுமையை மனத்திற் கொண்டே, போர்க்கைதிகளைப் பற்றி எழுந்த படங்களுள் மிகப் பெயர்பெற்ற ஒன்றை நோக்க வேண்டும். அது நம் இலங்கையிலேயே எடுக்கப்பட்டது. டேவிட் லீன் நெறியாள்கை செய்த ‘குவாய் நதிப் பாலம்’ 1957இல் வெளிவந்தது. சயாமின் காடாக அதிற் காணப்படுவது கித்துல்கலைக் காடு. குவாய் நதியாக ஓடுவது களனி கங்கை. அங்கே 425 அடி நீளமும் 90 அடி உயரமுங் கொண்ட மரப்பாலம் ஒன்று மெய்யாகவே கட்டப்பட்டு, 1957 மார்ச்சில், பழைய புகையிரதம் ஒன்று அதன்மீது செல்லும்போது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அக்காலப் பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் அதனைப் பார்க்கச் சென்றிருந்தார். படத்தில் வரும் மருத்துவமனை கல்கிசை விடுதி. படைத்தலைமை நிலையம் பேராதனைப் பூந்தோட்டம். இப்பின்னதில் மட்டும் படம் வரலாற்றோடு ஒட்டியது. 1944இல் மவுண்ட்பேற்றனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனையிலேதான் இயங்கியது. படம் ஏழு ஒஸ்கார்ப் பரிசுகளைப் பெற்றது.

படத்துக்கு மூலமான நாவலை 1952இல் எழுதியவர் பியர் பூல் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் போருக்கு முன் மலாயாவின் இறப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர். போர்க்காலத்தில் இந்தோசீனத்திற் பிடிபட்டுக் கடூழியத் தண்டனை பெற்று, 1944இல் தப்பியவர். தப்புதல் இன்னதென்று தம் உடம்பால் அறிந்திருந்த அவர், தமது நாவலில் அதனை மையமாக வைக்கவில்லை. நாவலில் வரும் சியர்ஸ் பாலத்தைத் தகர்க்க வந்த குழுவின் பிரித்தானியத் தலைவர். படத்திலோ அவர் முகாமினின்று தப்பியோடும் அமெரிக்கக் கடற்படையாளர் ஆகிறார். உடனோடிய இருவர் வீழ, அவர் மட்டும் காட்டைக் கடந்து, சயாமியக் கிராமத்தவரின் உதவியாற் படகேறிக் கடலை அடைந்து, இலங்கை மருத்துவமனையில் நலம்பெறுகிறார். நாவலிற் பாலம் தகராமல் நிற்கும். படத்தில் அது தகரும். தப்பும் வீரனும் தகரும் பாலமும் இல்லாமற் படம் ஓடாது என்று எடுத்தோர் கருதினர் போலும். வணிகக் கணக்கில் அது பிழையன்று.

மெய்யான பாதையில் நிகழ்ந்ததோ வேறு. சயாமின் பான் பொங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்புயுசயாற் வரை 415 கிலோமீற்றர் நீளமான அப்புகையிரதப் பாதை 1942இன் நடுப்பகுதியில் தொடங்கப்பட்டு 1943 ஒற்றோபரில் முடிக்கப்பட்டது. பாலம் அமைந்த தாமர்க்கான் என்னுமிடத்தில் ஓடியது மே குளோங் நதி. படம் பார்த்துவிட்டுப் பாலத்தைத் தேடி வந்தோர் பெருகவே, 1960 அளவில் நதியின் அப்பகுதிக்கே சயாமிய அரசு குவாய் என்று பெயர் மாற்றியது. கற்பனைக்கு ஏற்ப ஒரு நதி பெயர் மாற்றிக்கொண்ட செய்தி வரலாற்றில் அரிது. பாலமும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதன்று; கட்டியபின் ஈராண்டளவு பயன்பட்டு, 1945இல் விமானக் குண்டுக்கு இலக்காயிற்று.

தப்ப முயன்ற வெள்ளையர்க்கு நேர்ந்ததைக் காட்ட மூன்று நிகழ்ச்சிகள் போதும். 1942 செப்தெம்பர் 2ஆந் திகதி, சிங்கப்பூரிலே தப்ப முயன்று பிடிபட்ட நால்வர், இரு ஆத்திரேலியரும் இரு பிரித்தானியரும், சாங்கிக் கடற்கரையிற் சுடப்பட்டனர். தப்புவதில்லை என்று கையொப்பமிட மறுத்த 15,000க்கு மேற்பட்ட கைதிகள் செலராங் படைமனையில் நீரும் இடமுமின்றி அடைக்கப்பட்டனர். நோய் பரவும் நிலையில், கட்டாயத்தின்பேரில் இடும் கையொப்பம் கட்டுப்படுத்தாது எனக் கொண்டு ஒப்பமிட்டனர். தாமர்க்கான் முகாமிலிருந்து 1943இன் முற்பகுதியில் ஓடிய இரு அதிகாரிகளும் நான்கு போர்வீரரும் பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். படத்தில் வரும் நிக்கல்சன் பகைவனுக்குப் பாலங் கட்டுவதிற் பெருமை கண்டவர். தாமர்க்கானில் உண்மையாகத் தலைமை தாங்கிய தூசி என்பாரோ, அவ்வறுவரும் விலகிச் செல்லக் காலம் கிடைக்குமாறு அவர்கள் ஓடிய செய்தியை இயன்றவரை மறைத்தவர்.

மூன்றாவது நிகழ்ச்சி சொங்குராய் முகாமில் நடந்தது. 1943 யூலையில், வாந்திபேதியும் மழையும் ஆட்களை வாரிக்கொண்டிருந்தபோது, வில்க்கின்சன் என்னும் அதிகாரியின் தலைமையிற் பதின்மர் மேற்கே கடலை நோக்கிப் புறப்பட்டனர். எண்மர் அதிகாரிகள், ஒருவர் கீழ்நிலைப் போர்வீரர், பத்தாமவர் நூர் முகம்மது என்னும் இந்திய மீனவர். வாரக்கணக்கில் மூங்கிற் காட்டை வெட்டிச் சென்ற அவர்களுள் ஐவர் வழியிலேயே இறந்தனர். எஞ்சிய ஐவரும் பிடிபட்டனர். மரணத்தின் வாயிலிருந்து மயிரிழையில் மீண்டனர். தப்பியவருள் ஒருவராகிய யேம்ஸ் பிராட்லி 1982இல் அதனை நூலாக்கினார். அந்நூலால் வில்க்கின்சனும் பிராட்லியும் நமக்கு மனிதராக அறிமுகமாகின்றனர். நூர் முகம்மது பெயரளவில் நிற்கிறார். அவர் எந்தக் கரையிலிருந்து வந்தார், அக்காட்டை அவர் எவ்வாறு கண்டார் என்பவற்றை அவர் பக்கத்திலிருந்து நாம் அறிவதில்லை.

அம்மீனவரைக் கடந்து நோக்கும்போதே பாதையின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். படத்திற் பாலங் கட்டுவோர் யாவரும் பிரித்தானியக் கைதிகள். மெய்யான பாதையிலோ நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேரளவினர். இறந்தோர் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளரோ இரண்டு இலட்சத்தை அண்மியவர், சிலர் கணக்கில் அதற்கும் மேற்பட்டவர். பர்மியரும் சாவகரும் மலாயரும் தமிழரும் அவருள் அடங்குவர். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டோர் ஏறக்குறைய 78,000 என்றும், அவருள் இறந்தோர் ஏறக்குறைய 30,000 என்றும் போரின் பின் திரட்டிய கணக்குச் சொல்லும். உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்பாரும் உளர். மலாயாவிலிருந்து சென்றோருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்.

அவர்கள் எவ்வாறு சென்றனர்? மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் உறையுளும் இலவசம் என்று முதலில் ஆசை காட்டப்பட்டது. இறப்பர் விலைபோகாது பட்டினி கிடந்த தோட்டங்களில் அச்சொல்லுக்குச் செவிசாய்த்தோர் பலர். மனைவி மக்களோடு புறப்பட்டோரும் உண்டு. சென்றவர் மீளாமையும் பணம் வாராமையும் கண்டு மற்றையோர் மறுக்கவே, தோட்டந்தோறும் இத்தனை பேர் என்று கட்டளை பிறந்தது; வீதியிற் சென்றோரும் பிடிக்கப்பட்டனர். சில ஊர்களில் இலவசப் படக்காட்சி என்று அறிவித்து, கொட்டகை நிறைந்ததும் கதவடைத்து, உள்ளிருந்தோரைப் புகையிரதத்தில் ஏற்றினர் என்ற சாட்சியமும் உண்டு. சினிமா இவ்வரலாற்றில் நுழைவது கித்துல்கலையிலன்று. அக்கொட்டகைகளிலேயே அது முன்னர் நுழைந்துவிட்டது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தார் தம்மைச் சார்ந்த ஒரு செய்தியையும் கேட்டல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் குடாநாட்டிலிருந்தும் தீவுகளிலிருந்தும் ஆங்கிலங் கற்றோர் மலாயா சென்று புகையிரதத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் தோட்டங்களிலும் வேலை செய்தனர். ‘மலாயாப் பென்சனியர்’ என்ற தொடர் நம்மூர்களில் ஒரு மரியாதைப் பட்டமாகவே வழங்கியது. தோட்டத்திற் கணக்கெழுதுவோரைக் கிராணி என்பர். மலையாளிகளோடு யாழ்ப்பாணத்தவரும் அவ்வேலையில் இருந்தனர். வெள்ளைத் துரைமார் ஓடியபின் தோட்டத்திற் பேனாவோடு எஞ்சியவர் கிராணியே. யப்பானியர் ஆட்கேட்டபோது பெயர்ப்பட்டியல் எழுதும் வேலை கங்காணியோடு அவர் மேலும் விழுந்தது. மறுத்தவருக்கு அடியும் உதையும் உண்டு. அவர் பெயரே பட்டியலில் ஏறவுங்கூடும். ஆதலின் அவர்மேற் பழி சுமத்துதல் எளிதாயினும் நேர்மையன்று. ஆயினும், யார் போவது என்று எழுதிய கை தமிழ் எழுதக் கற்ற கையாக இருந்தது என்பதை மறைத்து அவ்வரலாற்றை எழுத இயலாது.

பாதை முகாம்களிலே வெள்ளைக் கைதிகளுக்குத் தம் அதிகாரிகள் இருந்தனர். தம் மருத்துவர் இருந்தனர். நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. தொழிலாளர்க்கு இவற்றுள் எதுவும் இல்லை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது, ஓர் ஆற்றின் நீரையே இரு சாராரும் குடித்தும், தொழிலாளர் முகாம்களே வெறுமையாயின. அவ்வாண்டின் நடுவில் ‘கே’, ‘எல்’ என்னும் இரு சிறு மருத்துவக் குழுக்களைச் சாங்கிக் கைதிகளிலிருந்து யப்பானியர் அங்கு அனுப்பினர்; மருந்தின்றி அவர்கள் செய்யக்கூடியது சிறிதே. மலாயாத் தோட்டங்களில் மருத்துவராயிருந்து கைதியான றொபேட் ஹார்டி மறைத்தெழுதிய நாட்குறிப்பு 1983இல் அச்சேறியது. தொழிலாளரின் நிலையை அது பரிவோடு பதிவு செய்துள்ளது. அவர்களைப் பற்றி நாம் அறிவதில் ஒரு பெரும் பங்கு இவ்வாறு பிறர் எழுதி வைத்ததே.

இனி, தப்புதல். மலாயாவிலிருந்து சென்றோர் பற்றி மேலே காட்டிய கணக்கிலேயே இன்னொரு நிரல் இருக்கிறது: ஓடிப்போனவர் ஏறக்குறைய 25,000. சாகன் முகாமினின்று வெளியேறியோர் 76 பேர். கொழும்புத் துறையில் நீந்தியோர் 5 பேர். காவலும் நோயும் காடும் சூழ்ந்த அப்பாதையிலிருந்து, வரைபடமுமின்றித் திசைகாட்டியுமின்றி, சயாமிய மொழியும் அறியாது, சிலர் மனைவி மக்களையுங் கூட்டிக்கொண்டு ஓடினர். அவருட் காட்டில் இறந்தோர் எத்தனைபேர், கிராமங்களிற் சோறு பெற்றுப் பிழைத்தோர் எத்தனைபேர் என்று அந்நிரல் பிரித்துக் காட்டவில்லை. தொகையை நோக்கின், இப்போர்க் காலத்துப் பெருந் தப்புதல்களுள் ஒன்றாக இதனைச் சொல்லலாம். ஆயின் அதனை ஒருவரும் அப்பெயரால் அழைக்கவில்லை.

காரணம் சொல்லிலேயே உள்ளது. போர்வீரன் முகாமை விட்டுச் சென்றால் ‘தப்பினான்’; கூலியாள் முகாமை விட்டுச் சென்றால் ‘ஓடிப்போனான்’. இவ்வேறுபாட்டை யப்பானியர் உண்டாக்கவில்லை. தோட்ட முறை அதனைப் பல்லாண்டுகளுக்கு முன்னரே வகுத்துவிட்டது. இலங்கையில் 1865ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றவாளியாக்கியது. கடன் கணக்குத் தீராது, துண்டு பெறாது ஒருவன் வேறு தோட்டம் புக முடியாதிருந்த துண்டு முறை 1921 வரை நிலவியது. மலாயாவின் சஞ்சிக்கூலி முறையும் இவ்வகையினதே. கணக்கேட்டில் ஓடிப்போனவன் என்பது நட்டமாகிய ஒரு பொருள்; அவன் எங்கிருந்து ஓடினான் என்று ஏடு கேட்பதில்லை. போரின் பின் பாதையின் கணக்கைத் திரட்டியோரும் அந்நிரலையே போட்டு, அச்சொல்லையே எழுதினர். சட்டப்படி அவர்கள் கைதிகளல்லர், கூலி பேசி வந்தோர். ஆதலின் தப்பினார் என்று எழுத இடமில்லை. வாயிலிற் காவலாளி துப்பாக்கியோடு நின்றதைச் சட்டம் காணவில்லை.

மற்றொரு காரணம், சொல்லக் கேட்டார் இல்லாமை. தப்பி வந்த பிரித்தானியப் படையினரை விசாரித்து அறிக்கை எழுதுவதற்கென்றே இலண்டனில் ஓர் இரகசியப் பிரிவு இருந்தது. பின்னாளில் நூல் எழுதுவோர்க்கு அத்தகைய பதிவுகள் துணையாயின. தோட்டத்துக்குத் திரும்பிய தமிழனை விசாரித்தவர் யாருமிலர். அவன் லயத்துக்கு வந்து, எஞ்சிய உறவினரைத் தேடி, மறுநாட் பால்வெட்டச் சென்றான்.

தமிழில் இக்கதை நெடுங்காலம் பேச்சிலேயே வாழ்ந்தது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை 1993இல் வெளியிட்டார்; அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இல் வந்தது. பூலின் நாவலுக்கும் சண்முகத்தின் நாவலுக்கும் இடையே நாற்பதாண்டுகளுக்கு மேல் உண்டு. பிந்திய இந்நாவல்களை வரலாற்று நூலாகக் கொள்ளலாகாது. ஆயினும் வரலாற்று நூல்கள் வெளியே விட்டோரை அவை உள்ளே அழைத்தன. குவாய் நதிப் படத்தைப் பார்த்த யாழ்ப்பாணத்து மாணவர் பல்லாயிரவர்; இந்நாவல்களைப் பெயரளவிலேனும் அறிந்தோர் மிகச் சிலர். படத்தின் சீழ்க்கைப் பாட்டு மட்டும் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் இன்னும் கேட்கிறது.

காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறக்குறைய 7,000 கற்கள் நிரைநிரையாக நிற்கின்றன. அவை பொதுநலவாயக் கல்லறை ஆணைக்குழுவின் பராமரிப்பில் உள்ளன. தொழிலாளர்க்கு அத்தகைய கற்கள் இல்லை. பெயரறியாத எலும்புகள் அந்நகரில் ஒரு பௌத்த விகாரையின் வளவிற் புதைக்கப்பட்டன; 1990இற் கரும்புத் தோட்டமொன்றிலிருந்தும் எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டிலே தமிழர் நினைவாக அந்நகரில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. பாதை முடிந்து 80 ஆண்டுகள் கழிந்தபின் அது நிகழ்ந்தது.

கித்துல்கலையில் ஆற்றோரத்துக் கொங்கிறீற்று அடித்தளங்களைப் பார்க்கப் பயணிகள் இன்றும் இறங்குகின்றனர். அது அந்நெடும் பாதையின் ஒரு பாலத்தினுடைய போலி. ஆயினும் இவ்வரலாறு இலங்கையில் விட்டுச்சென்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளம் அதுவொன்றே. கண்ணுக்குத் தெரியாதவை வேறிடத்தில் இருக்கக்கூடும். மலாயாவிலிருந்து மீண்டோர் கொண்டுவந்த தகரப் பெட்டிகளுட் பல உள்நாட்டுப் போரில் வீடுகளோடு அழிந்தன. அழியாத சிலவற்றில் 1942 முதல் 1945 வரை எழுதிய கடிதமோ குறிப்போ தோட்டத்துப் பெயர்ப்பட்டியலோ இருக்கலாம். வரலாறு பயிலும் மாணவர், விடுமுறைக்குத் தத்தம் ஊருக்கும் தீவுக்கும் செல்லும்போது, மலாயா சென்ற குடும்பங்களில் அப்பெட்டிகளைத் திறந்து பார்க்கும்படி கேட்பது தகும். பட்டியல் ஒன்று கிடைத்தாலும், 25,000 என்ற அத்தொகையின் உள்ளே சில பெயர்களை எழுதலாம்.